கோல்ட்ரேனை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

தோழர்களே, ஜான் கோல்ட்ரேனின் சாக்சபோனை எதில் தொடங்கிக் கேட்கலாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். 'அலபாமா'வில் தொடங்குங்கள். ஐந்து நிமிடம்தான்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் கு க்ளக்ஸ் கிளான் ஆட்கள் வைத்த குண்டு வெடித்தது. நான்கு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். மூவருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. குற்றவாளிகளில் முதல் ஆளுக்குத் தண்டனை கிடைக்கவே 1977 ஆகிவிட்டது. மற்ற இருவருக்கு 2001இலும் 2002இலும். கோல்ட்ரேன் இந்த இசையைப் பதிவு செய்தது அதே 1963 நவம்பர் 18இல்.

அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருமுறை இதைப் போட்டபோது, ஒரு மாணவர், "பாட்டு எப்போ தோழர் வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நமக்கு இசை என்றால் பாட்டு, பாட்டு என்றால் வரிகள். இதில் பியானோ அடியில் உறுமிக்கொண்டிருக்க, சாக்சபோன் அவசரமே இல்லாமல் பேசுகிறது. இழவு வீட்டில் ஒப்பாரி எழுவதற்கு முன்னால் ஒரு கனத்த அமைதி இருக்குமே, அதுபோல. நடுவில் தாளம் பிடித்துக் கொஞ்சம் நடக்கிறது, பிறகு பழைய துயரத்துக்கே திரும்புகிறது. கடைசியில் எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸைக் கவனியுங்கள்.

ஆனால் அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒடுக்கப்பட்டவரின் கலை என்றால் அதில் வலியை மட்டும் தேடுகிற பழக்கம் நம் கூட்டங்களிலும் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. நம் வீடுகளில் காதல் இல்லையா, கேலி இல்லையா?

அதனால் அடுத்தது 'நைமா'. 1959இல் பதிவானது, அன்றைய மனைவியின் பெயர். வேகத்துக்குப் பேர்போன இந்த மனிதர் இதில் தன் திறமையைக் காட்டவே இல்லை. மெட்டை மட்டும் மெதுவாக வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இரவில் கேளுங்கள்.

பிறகு 'மை ஃபேவரிட் திங்ஸ்'. பிராட்வே இசை நாடகம் ஒன்றில் வந்த இனிப்பான சின்னப் பாட்டு. அதைச் சோப்ரானோ சாக்சபோனில் எடுத்து, கிட்டத்தட்ட 14 நிமிடத்துக்கு விரித்துத் தனதாக்கிக்கொண்டார். அனுமதி கேட்காமல் உள்ளே போய் நாற்காலி போட்டு உட்கார்வது என்று இதை நான் சொல்வேன். எனக்குக் குதூகலம் தருவது இதுதான்.

'எ லவ் சுப்ரீம்' சுமார் 33 நிமிடம், நான்கு பகுதிகள். 1957இல் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டதற்கு அவர் கடவுளுக்குச் சொன்ன நன்றி. கடவுள் நம்பிக்கையில்லாத என்னையும் அது உட்கார வைத்துவிடுகிறது. கடைசிப் பகுதியில் தான் எழுதிய கவிதையை அசை அசையாகச் சாக்சபோனில் 'வாசிக்கிறார்'. பேருந்தில் வேண்டாம், ஒரே அமர்வில் கேளுங்கள்.

'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' இசைக் கல்லூரி மாணவர்களின் பரீட்சை. இப்போது விட்டுவிடலாம். 1965இன் 'அசென்ஷன்' பதினொரு பேர் சேர்ந்து எழுப்பும் பேரிரைச்சல். எனக்குப் பிடிக்கும். வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள்.