இணைப்பில் பிறக்கும் இசை

தஞ்சாவூர் வீணையைக் கேட்போர் அதன் நாதத்தில் தோய்வர்; காண்போர் யாளி முகத்தையும் குடத்தின் பூவேலைப்பாட்டையும் வியப்பர். குடமும் தண்டியும் கூடும் இடத்தை நின்று நோக்குவோர் சிலரே. ஆங்கே ஒரு மெல்லிய கோடு தெரியும். வீணையின் ஆயுளும் சுருதியும் அந்தக் கோட்டைச் சார்ந்தே நிற்கின்றன.

மரமும் கையும்

வீணை பலா மரத்தால் ஆனது. பண்ருட்டிப் பகுதியில் விளையும் பலாவைத் தஞ்சைக் கைவினைஞர் விரும்பி வாங்குவர். அதிர்வை நன்கு ஏந்தும் மரம் அது. ஆயினும் வெட்டிய மரத்தை உடனே வேலைக்கு எடுப்பதில்லை. ஈரம் மிஞ்சிய மரம் உலர உலரச் சுருங்கும். சுருங்கினால் இணைப்பு வாய் பிளக்கும். எனவே, மரம் உலரும்வரை காத்திருத்தலே முதல் வேலையாகிறது.

உலர்ந்த கட்டையைச் செதுக்கி உருவம் தந்தபின், உளியும் கொட்டாப்புளியும் கொண்டு உட்புறத்தைக் குடைவர். குடம் ஒலியைப் பெருக்கும் அறை. தண்டி, வாசிப்போரின் இடக்கை உலவும் பாதை. தண்டியின் அடிப்புறம் உருண்டும் மேற்புறம் நேராகவும் அமைதல் வேண்டும். அதன் தடிப்பு மிகுந்தால் நாதம் மந்தமாகும்; குறைந்தால் தந்திகளின் இழுப்பைத் தாங்காது வளையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கை பழகித்தான் அறிய வேண்டும்.

கூடும் இடம்

குடத்தையும் தண்டியையும் ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஒட்டு வீணையில் இணையவேண்டிய இரு முகங்களையும் இழைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். முட்டும் இடத்தைச் சிறிது தேய்த்து, மீண்டும் பொருத்த வேண்டும். இடைவெளியைப் பசை நிரப்பிவிடும் என்று நம்பும் கை நல்ல வீணையைச் செய்யாது. மரம் மரத்தைத் தொட வேண்டும். பசை அத்தொடுகையைக் காத்து நிற்க வேண்டும்.

இணைப்பு நேராக அமைவதும் இன்றியமையாதது. வீணையில் 24 மெட்டுகள் உள்ளன. தந்தியின் ஏறத்தாழச் சரிபாதியில் 12ஆம் மெட்டு அமையும். மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுவதால், சிறு பிழைகளைச் செவியால் உணர்ந்து திருத்திவிடலாம். தண்டியே சாய்ந்துவிட்டாலோ, தந்தி சில மெட்டுகளுக்கு மேலே உயர்ந்து நிற்கும், சிலவற்றில் உரசும். அப்பிழையை மெழுகால் தீர்க்க இயலாது.

வேறொரு நாட்டின் விடை

நீண்ட கழுத்தை உடலோடு எவ்வாறு இணைப்பது என்னும் வினா வீணைக்கு மட்டும் உரியதன்று. 1951ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் மின் பாஸ் கிதார் ஒன்றை வெளியிட்டது. அதன் தந்தி நீளம் 34 அங்குலம். மேப்பிள் மரக் கழுத்து 4 திருகாணிகளால் உடலோடு முடுக்கப்பட்டிருந்தது. பழுதுற்றால் கழுத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். பாஸ் கிதாரைக் கையால் செய்வோர் இன்றும் மூன்று வழிகளைக் கையாள்கின்றனர்: திருகாணியால் முடுக்குதல், பசையால் ஒட்டுதல், கழுத்து மரத்தையே உடலின் நடுவே இறுதிவரை ஓடவிடுதல். இரண்டாவது வழி ஒட்டு வீணையையும் மூன்றாவது ஏகாந்த வீணையையும் நினைவூட்டும். கடல் கடந்த கைகளும் ஒரே சிக்கலை எதிர்கொண்டபோது ஒன்றுக்கொன்று நெருங்கிய விடைகளையே கண்டிருக்கின்றன.

ஒட்டின் பெருமை

ஏகாந்த வீணைக்கு மதிப்பும் விலையும் மிகுதி. அதற்குப் பருத்த, பழுதற்ற மரம் வேண்டும். ஒட்டு வீணையோ சிறிய கட்டைகளைக் கொண்டும் உருவாகும். குறைந்த விலையில் மாணவர் கைக்கும் எட்டும். எனினும், 'ஒட்டு' என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே அதனைக் குறையுடையதாகக் கருதுவோர் உளர்.

தமிழ் ஓர் ஒட்டுநிலை மொழி என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். மரம், வேர் என்னும் இரு சொற்கள் புணரும்போது மகரமெய் கெட்டு 'மரவேர்' என்றாகிறது. ஓர் எழுத்தை இழந்ததால் அச்சொல் குறைவுபடவில்லை. இழந்ததனாலேயே இயல்பாக ஒலிக்கிறது. குடமும் தண்டியும் அவ்வாறே. இரண்டும் தத்தம் முகத்தில் சிறிது தேய்ந்த பின்னரே ஒரே உடலாகி ஒலிக்கின்றன.

தஞ்சாவூர் வீணை 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு வீணையின் பெயரைக் காக்கும். இணைப்பைக் காப்பது கைவினைஞரின் பொறுமையே. மரம் உலரக் காத்திருக்கவும், பொருந்தாத முகத்தைப் பத்தாம் முறையாக எடுத்துத் தேய்க்கவும் மனம் கொண்ட இளையோர் பட்டறைக்கு வந்தால்தான் அப்பொறுமை அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்.