நடவு அசதியும் நொச்சி வெந்நீரும்

மேலூர் பக்கம் பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால், நடவுக்குப் போகும் பெண்களுக்கு ஓய்வு கிடையாது. பல மாதம் குனியாத உடம்பு, திடீரென்று நாள் முழுக்கக் குனிந்தபடி பின்னால் நகர்கிறது. தசை நார்களில் நுண்ணிய காயம் உண்டாகிறது. முதல் நாள் அது தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாள்தான் இடுப்பும் தொடையும் திண்ணையை விட்டு எழ விடாது.

இதற்கு ஊர் வைத்தியம் நொச்சித்தழை போட்ட வெந்நீர். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவும் அதைத்தான் செய்தார். பேசினில் ஊற்றிக் காலை வைத்திருந்தார். பச்சைத்தண்ணீர் விளாவ வந்த பேத்தி, கையை விட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அப்பத்தா, காலை எடு! இம்புட்டுச் சூட்டுலயா வச்சிருக்க?"

"சும்மா இரு ஆத்தா. இன்னும் சூடே ஒறைக்கல."

மறுநாள் இரண்டு பாதமும் கொப்புளம். பல வருடச் சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியைத் தின்றிருந்தது. வரப்பில் செருப்பு கழன்றது தெரியாமல் வீடு வரை நடந்து வந்ததை, அவரே ஒரு முறை சிரிப்பாகச் சொல்லியிருக்கிறார். யாரும் அதை நோயோடு சேர்த்து யோசிக்கவில்லை. புண் ஆறுவதற்குள் நடவு, களையெடுப்பு எல்லாம் முடிந்து, அந்தப் போகத்துக் கூலி மொத்தமும் போயிற்று.

வெந்நீரைக் குறை சொல்ல முடியாது. சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடும், இறுக்கம் தளரும், நல்ல தூக்கம் வரும். தசைக் காயத்தை ஒரே இரவில் ஆற்றாவிட்டாலும், மறுநாள் கொஞ்சம் சுலபமாகக் குனியலாம். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். 38 முதல் 40 டிகிரி, அதாவது சுகமாகக் குளிக்கிற பதம், 15 நிமிடம் போதும். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் வெந்நீரில் காலை ஊறவைக்கவே கூடாது. இடுப்புக்கு ஊற்றலாம், பதத்தை வேறொருவர் பார்த்த பிறகு. வரப்பில் வழுக்கிக் கணுக்கால் வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் குளிர்ந்த ஒத்தடம்தான். வெயிலில் மயங்கியவருக்கும் நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் வேண்டும்.

கெண்டைக்கால் வலியோடு காய்ச்சலும் கண் சிவப்பும் சேர்ந்தால் அதை நடவு அசதி என்று விட்டுவிடக் கூடாது. எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாகக் கிருமி ஏறுகிறது. நொச்சி ஒத்தடத்தில் நாட்களைக் கடத்தினால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். ஆரம்பத்திலேயே போனால் மாத்திரையிலேயே குணமாகிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில், "சேத்துல எறங்கி வேலை பாக்குறேன்" என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அந்த வீட்டில் இப்போது வெந்நீர்ப் பதம் பார்ப்பது பேத்தியின் வேலை. இடுப்புக்கு மட்டும் ஊற்றுகிறாள். "இன்னுங் கொஞ்சம் சூடா ஊத்து ஆத்தா" என்று அப்பத்தா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவள் ஊற்றுவதில்லை.