மின் அடுகலம்

சமையல் தொழிலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வேவித்தல், அவித்தல், வதக்குதல், வறுத்தல், பொரித்தல், வாட்டுதல், சுடுதல், காய்ச்சுதல், கிண்டுதல், கடைதல், மசித்தல், தாளித்தல், வடித்தல் என்று அவை நீண்டுகொண்டே செல்லும். ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்று நில்லாது. பாலைக் காய்ச்சுகிறோம், கூழையும் காய்ச்சுகிறோம், சோற்றைக் காய்ச்சினேன் என்று எவரும் கூறார். கத்தரிக்காயை வதக்கினால் ஒரு சுவை. சுட்டால் வேறொரு சுவை. இத்தனை சொற்களுக்கும் மூத்த சொல் ஒன்று உண்டு. அதுதான் ‘அடுதல்’. அடும் இடம் அட்டில். அட்ட உணவு அடிசில். அடுதற்குரிய கலம் அடுகலம். இவற்றுள் அட்டிலும் அடுகலமும் நூல்களோடு நின்றுவிட்டன. அடிசில் மட்டும் அக்காரவடிசில் என்னும் இனிப்புச் சோற்றின் பெயரில் ஒட்டிக்கொண்டு உயிர் வாழ்கிறது. அடுப்போ நேற்றுவரை வீடுதோறும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆயினும் அடுப்பே இல்லாமல் அடும் கலம் ஒன்று இப்பொழுது வந்துள்ளது.

அக்கலம் மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருக்கிறது. பெங்களூரில் பணிபுரியும் எங்கள் மகள் வாங்கி அனுப்பியது. அதன் முகப்பில் பல பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் சோறு வேகும். ஒன்றை அழுத்தினால் காய் வதங்கும். ஒன்று ஆவியில் அவிக்கும். ஒன்று பல மணி நேரம் மெல்லச் சுண்ட வைக்கும். ஒன்று பாலைத் தயிராக்கும். மற்றொன்று ஆக்கிய உணவைச் சூடு ஆறாமல் காக்கும். ஊரார் இதனை எலக்ட்ரிக் குக்கர் என்பர். யான் ‘மின் அடுகலம்’ என்று பெயரிட்டேன். “குக்கர் என்றால் யாருக்கும் விளங்குமே” என்றார் என் துணைவியார். தெருவில் அவர் சொல்லே வென்றது. இக்கட்டுரையின் தலைப்பிலாவது என் சொல் இருக்கட்டும். எனினும் பொத்தான்களின் ஆங்கிலப் பெயர்களின்மேல், ‘வேகவை’, ‘வதக்கு’, ‘ஆவி’, ‘மெல்ல’, ‘தயிர்’, ‘சூடு’ என்று சிறு தாள்களில் எழுதி ஒட்டினேன். அதனை அவர் மறுக்கவில்லை.

இக்கருவி வீட்டிற்கு வந்ததன் காரணத்தைக் கூற வேண்டும். என் துணைவியாருக்கு இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்வு. நெடுநேரம் நிற்றல் ஆகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். நம் அடுக்களைகளோ நின்று சமைப்பதற்கென்றே மேடை கட்டியவை. குழம்பு கொதிக்கும்வரை நிற்க வேண்டும். பால் பொங்கும்வரை நிற்க வேண்டும். மூன்றாம் விசில் வரும்வரை காத்து நிற்க வேண்டும். சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று உறவினர் கூறினர். நாற்பது ஆண்டு தாம் ஆண்ட அடுக்களையைப் பிறர் கையில் ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு நின்றார். இரவில் படுக்கையில் கால்களை நீட்டவும் மடக்கவும் இயலாமல் அவர் படும் துன்பத்தை அருகிருந்து பார்த்தவன் யான்.

புலவர் வகுப்பில் பயின்ற நாளில் வாடகை அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்துப் பொங்கித் தின்றவன் ஆதலால், சமையல் எனக்கு முற்றும் புதிதன்று. “இனி யான் சமைக்கிறேன், நீ அமர்ந்து சொல்” என்றேன். அவர் உடனே இசையவில்லை. அந்நிலையில்தான் இக்கலம் வந்தது.

என் இளமையில் எங்கள் வீட்டில் இருந்தது விறகடுப்பு. மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருக்கும். என் அன்னையார் ஊதுகுழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே இருப்பார், புகை சுற்றும், கண்ணில் நீர் வழியும். அவர் இருமல் விடியற்காலையில் எங்களை எழுப்பும். இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகை முதலியவற்றால் 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் உயிரிழந்தனர் என்று உலக நல நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்பை எளிதாக்க முயன்றவர்களை யான் உயர்வாக மதிப்பதற்கு இதுவே காரணம்.

அவர்களுள் முன்னோடி தெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1679-ஆம் ஆண்டில் இலண்டனில், மூடியை இறுக முடுக்கி ஆவியை வெளியே விடாமல் அடக்கும் கலம் ஒன்றை அவர் செய்து காட்டினார். கடினமான எலும்பும் அதனுள் மெதுவாகியது. ஆவி அளவு மீறினால் கலம் வெடிக்கும் அன்றோ? அதனைத் தடுக்கக் காப்பு அடைப்பான் ஒன்றையும் அவரே அமைத்தார். நம் நாட்டில், வங்காளத்தைச் சேர்ந்த இந்துமாதவ மல்லிக் 1910-ஆம் ஆண்டில் ‘இக்மிக் குக்கர்’ என்பதனை உருவாக்கினார். அடுக்கடுக்கான பாத்திரங்களில் அரிசி, பருப்பு, காய்கறிகளை வைத்து, அடியில் சிறிது கரி நெருப்பிட்டு விட்டுவிட்டால் எல்லாம் ஒருங்கே ஆவியில் வெந்திருக்கும்.

மின்சாரத்தால் தானே வெந்து தானே நிற்கும் சோற்றுக்கலம் சப்பான் நாட்டில் பிறந்தது. தோஷிபா நிறுவனம் அதனை 1955-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனை வடிவமைத்தவர் மினாமி யோஷிததா என்பவர். சோதித்துச் சோதித்துச் செம்மைப்படுத்தியவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. குளிரிலும் வெயிலிலும் சோறு ஒரே பதத்தில் அமைதல் வேண்டும் என்பதற்காக அவ்வம்மையார் பானை பானையாகச் சோறாக்கி, வெப்பத்தையும் காலத்தையும் குறித்துவந்தார். அவர்கள் கண்ட வழி நுட்பமானது, எளிமையானதும்கூட. கலத்துள் கலம் வைத்தனர். உட்கலத்தில் அரிசியும் நீரும். வெளிக்கலத்தில் அளந்து ஊற்றிய சிறிது நீர். அந்நீர் உள்ளவரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. நீர் முழுவதும் ஆவியாகித் தீர்ந்ததும் வெப்பம் ஏறும். ஏறியவுடன் ஈருலோகத் தகடு ஒன்று வளைந்து மின்னோட்டத்தை நிறுத்திவிடும். கருவியின் வரலாற்றை எழுதுவோர் பொறியாளர் பெயரை எழுதுவர். அடுக்களையில் நின்று அளந்தவரின் பெயரை எழுதுவது அரிது. இங்கு அப்பெயர் மறையாமல் நிலைத்தது மகிழ்ச்சி தருவது.

ஆவியை அடக்கும் கலமும், தானே நிற்கும் மின்கலமும், வேறு பல தொழில்களும் பிற்காலத்தில் ஒன்றாக இணைந்தன. கனடா நாட்டிலிருந்து 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இன்ஸ்டன்ட் பாட்’ இவ்வகைக் கலத்தை உலகெங்கும் பரப்பிற்று.

இனி, இது வேலை செய்யும் முறையைக் கேளுங்கள். திறந்த பானையில் நீர் 100 பாகையில் கொதிக்கும். எவ்வளவு நெருப்பை எரித்தாலும் அதற்குமேல் சூடேறாது. மிகுதி வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். மூடியை இறுக்கி ஆவியை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் உயரும். 115 பாகை அளவில் நீர் இருக்குமாயின் பருப்பு விரைந்து வேகும். அடுப்பின்மேல் வைக்கும் குக்கர், மிகுந்த ஆவியை விசிலடித்து வெளியேற்றும். மின் அடுகலமோ உரிய அழுத்தம் வந்ததும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அழுத்தம் தணிந்தால் மீண்டும் கூட்டிக்கொள்ளும். ஆகவே அது விசில் அடிப்பதில்லை.

இவ்வமைதிதான் என் துணைவியாருக்குப் பெரும் ஐயத்தை உண்டாக்கிற்று. “ஓசையே இல்லையே, உள்ளே வேகிறதா, தூங்குகிறதா?” என்று கேட்டார். அவர் சமையற்கணக்கெல்லாம் விசிற்கணக்கு. சோற்றுக்கு மூன்று, பருப்புக்கு நான்கு, கொண்டைக்கடலைக்கு ஆறு. நிமிடக் கணக்குக்கு அதனை மாற்ற வேண்டியதாயிற்று. இருவரும் அமர்ந்து பழைய நாட்குறிப்பு ஒன்றின் வெற்றுத் தாள்களில் குறித்தோம். பொன்னிப் புழுங்கலரிசி ஒரு குவளைக்கு நீர் இரண்டரைக் குவளை, 12 நிமிடம். துவரம்பருப்பு ஒன்றுக்கு நீர் மூன்று, 10 நிமிடம். பொங்கலுக்கு அரிசி ஒன்று, பாசிப்பருப்பு அரை, நீர் ஐந்து. நேரம் முடிந்ததும் மூடியைத் திறத்தல் ஆகாது. ஆவி தானே அடங்கப் பத்து நிமிடம் விடல் வேண்டும். கலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் நிரப்பலாகாது. அரிசி, பருப்பு போல நுரைத்துப் பொங்குவனவாயின் பாதியே எல்லை. மூடியுள்ள கலத்தில் எண்ணெய் ஊற்றிப் பொரிக்க முயலுதல் உயிருக்கே இடர்.

சாம்பார் வைக்கும் முறையில் அவர் என்னைத் திருத்தினார். எல்லாப் பொருள்களையும் ஒருங்கே இட்டு ஒரே பொத்தானில் முடிக்கலாம் என்பது யான் படித்த விளக்கம். “புளியை முதலில் ஊற்றினால் பருப்பு வேகாது” என்றார் அவர். அறிவியலும் அதனையே கூறுகிறது. புளிப்புப் பொருள் பருப்பு, காய் ஆகியவற்றின் திசுக்கள் நெகிழ்வதைத் தாமதப்படுத்தும். ஆதலின் பருப்பு வெந்தபின் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் இட்டு, இறுதியில் புளிக்கரைசலை ஊற்றி, ‘வதக்கு’ என்னும் பொத்தானைக்கொண்டு கொதிக்க வைக்கிறேன். நூல் கற்றவன் யான். பதம் கற்றவர் அவர்.

தயிர்ப் பொத்தான் எங்கள் இருவருக்கும் ஒருங்கே பிடித்தது. மார்கழிப் பனியில் பால் உறையாது. முன்னெல்லாம் உறை ஊற்றிய பாத்திரத்தை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்போம். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய 42 பாகை வெதுவெதுப்பில் நன்கு பெருகும். அவ்வெதுவெதுப்பை எட்டு மணி நேரம் இக்கலம் மாறாமல் காக்கிறது. காலையில் திறந்தால் வெட்டி எடுக்கும் பதத்தில் தயிர் இருக்கிறது.

அக்காரவடிசிலைப் பற்றி முன்பு குறிப்பிட்டேன். பாலிலேயே அரிசி குழைய வேண்டும்; அடி பிடித்தல் ஆகாது. வெண்கல உருளியின் அருகே ஒன்றரை மணி நேரம் நின்று கிளற வேண்டிய வேலை அது. முழங்கால் வலி வந்தபின் எங்கள் வீட்டில் அது நின்றே போயிற்று. சென்ற ஆண்டு மார்கழியில் ‘மெல்ல’ என்னும் பொத்தானை அழுத்திப் பாலும் அரிசியும் பாசிப்பருப்பும் இட்டேன். அவர் நாற்காலியில் அமர்ந்து அவ்வப்பொழுது கரண்டியால் கிளறிவிட்டார். நான்கு மணி நேரம் சென்றபின் வெல்லப்பாகும் நெய்யும் சேர்த்தோம். ஒரு வாய் உண்டு பார்த்து, “உருளியில் ஆக்கியதுபோல் இல்லை” என்றார். பின்னர் இன்னும் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் கூறியதும் உண்மையே. பால் காய்ந்து விளிம்பில் ஏடு படியும்போது எழும் மணம் மூடிய கலத்தில் எழுவதில்லை.

இக்கலத்தால் ஆகாதவை பல. தோசை சுடல் இயலாது. அப்பளம் பொரித்தல் இயலாது. சுட்ட கத்தரிக்காய்த் துவையலுக்குத் தீயே வேண்டும். மின்வெட்டு நேர்ந்தால் கலம் ஊமையாகிவிடும். அந்நாளில் எரிவாயு அடுப்புக்குத் திரும்புவோம். மூடியின் உள்விளிம்பில் உள்ள சிலிகோன் வளையம் சாம்பார் மணத்தை எளிதில் விடுவதில்லை. பாயசத்துக்கென்று வேறு வளையம் ஒன்று வைத்திருக்கிறோம்.

தாளிப்பு மட்டும் இன்றளவும் என் கைக்கு வரவில்லை. கொடுக்கப்படவில்லை என்பதே பொருந்தும். ‘வதக்கு’ பொத்தானில் கடுகு நன்றாகவே வெடிக்கும். ஆயினும் என் துணைவியார் தம் சிறிய இரும்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்பருகே எழுந்து செல்கிறார். நல்லெண்ணெய் காய, கடுகு வெடிக்க, பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணக்க இரண்டு நிமிடம் ஆகும். அவ்விரண்டு நிமிடமே இப்பொழுது அவர் நிற்கும் நேரம். கரண்டியைக் குழம்பில் கவிழ்த்ததும் ‘சொய்’ என்று ஓர் ஓசை எழுகிறது. “இனி இலை போடலாம்” என்கிறார்.