கோடிக்குழகரின் காட்டில் ஒரு பகல்

காவிரிப் படுகையில் காடு என்பது பெரும்பாலும் ஊர்ப்பெயர்களில்தான் மிஞ்சியிருக்கிறது. திருவெண்காடு, சாய்க்காடு, தலையாலங்காடு, கொள்ளிக்காடு என்று அடுக்கிக்கொண்டே போகலாம்; நேரில் சென்றால் வயலும் வரப்பும் தென்னையுமே கண்ணில் படும். எங்கள் திருவிடைமருதூரும் மருத மரத்தால் பெயர் பெற்றதே. ஆயினும் கோயிலுக்குள் தலமரம் என்று சுட்டிக் காட்டினாலன்றி மாணவர்கள் அதனை அறியார். நெல்லுக்காகக் காட்டைக் கொடுத்த நாடு இது. சோறு உண்கிற நாம் அதற்காகக் கண்ணீர் வடிப்பது பொருந்தாது. ஆனால் திணை நடத்தும் தமிழாசிரியர்களுக்கு இதனால் ஒரு தொல்லை. யாரும் காணாத மரத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, அதன் நிழலில் தலைவி காத்திருப்பதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனவே தை மாதத்து ஞாயிறு ஒன்றில், ஆசிரியர் மூவரும் முதுகலை மாணவர் இருபதின்மருமாகக் கோடியக்கரைக்குப் புறப்பட்டோம். நாச்சியார்கோயில், குடவாசல், திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் வரை வழியெங்கும் மருதநிலந்தான்.

வேதாரண்யத்தின் பழம்பெயர் திருமறைக்காடு. வேதங்கள் பூட்டிய கதவை அப்பர் பாடித் திறந்ததும், சம்பந்தர் பாடி அடைத்ததும் இங்கேதான். அந்தக் கதவின் முன் நின்று எங்கள் மாணவி ஒருத்தி, "திறப்பதற்கு அத்தனை பாட்டு, மூடுவதற்கு ஒரே பாட்டா, ஐயா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதே. அடுத்து அகத்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் இருந்து இராஜாஜி தலைமையில் நடந்து வந்த தொண்டர்கள், அம்மாதம் 30ஆம் நாள் உப்பெடுத்த இடம். நினைவுத்தூண் நிற்கிறது, சுற்றிலும் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசச் செய்கிறது.

கோடியக்காட்டுக் குழகர் கோயிலில்தான் நாங்கள் நெடுநேரம் அமர்ந்துவிட்டோம். சேரமான் பெருமாளோடு இங்கு வந்த சுந்தரர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. தேவாரத்தில் இதற்கு நிகரான உரிமைப் பேச்சு குறைவு. கடற்காற்று ஓயாமல் மோதும் கரையில், ஆந்தையும் கூகையும் அலறும் காட்டில், பொல்லாத வேடர்கள் நடுவே, தேவி அஞ்சும்படி நீ ஏன் தனியே வந்து இருக்கிறாய்? பக்கத்தில் நாலு குடியிருந்தால் குற்றமா? இறைவனிடம் வரம் கேட்க வந்தவர், அவன் தனிமைக்காக வருந்துகிறார். சுந்தரருக்குக் குறையாகத் தோன்றிய அந்தத் தனிமையைத் தேடியே நாங்கள் பேருந்து பிடித்து வந்திருந்தோம்! ஊர் பக்கத்தில் வந்துவிட்ட காடுகள் எல்லாம் பெயராகிப் போயின. குழகருக்குத் துணை வராததால்தான் இக்காடு நின்றது என்று எங்களுக்குத் தோன்றியது.

(இங்கிலாந்தில் ராபின்ஹூட் கதைக்காக ஷெர்வுட் வனத்திற்குப் போகிறார்களாம். இங்கே வருவோரில் பாதிப்பேர் கல்கியின் பூங்குழலியைத் தேடி வருகிறவர்கள். எங்கள் கூட்டத்திலும் ஆறேழு பேர் இருந்தனர். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் 2004 ஆழிப்பேரலையில் வீழ்ந்துவிட்டது என்று கேட்டதும் அவர்கள் முகம் வாடிற்று.)

1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலமும் இதனோடு சேர்ந்ததே. உலர் பசுமைமாறாக் காடு என்பது தாவரவியலார் வழக்கு. உயர்ந்த மரங்களை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. குட்டையாய், நெருக்கமாய், காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவை. அவற்றுள் மிகுதி பாலை. உலக்கைப் பாலை என்றும் சொல்வர். மெல்ல வளர்வது, வைரம் பாய்ந்தது, கோடையில் இனிய பழம் தருவது. திணைக்குப் பெயர் தந்த பாலை எதுவென்பதில் அறிஞர்கள் ஒருமுகப்படவில்லை. வெட்பாலை என்பார் உண்டு. அந்த வழக்கைத் தீர்க்க நாங்கள் வரவில்லை. பாலை என்ற பெயருடைய ஒரு மரத்தின் பட்டையை மாணவர்கள் கையால் தொட்டுப் பார்த்தார்கள், அது போதும்.

சற்றுத் தொலைவில் புல்வெளியில் வெளிமான்கள். சங்கப்பாட்டின் இரலை, முறுக்கிய கொம்போடு தலைநிமிர்ந்து எங்களை அளந்துவிட்டு மேய்ச்சலுக்குத் திரும்பியது. அப்பால் கடல். ஆழமற்ற நீரில் பூநாரைகள் ஒரு வெளிறிய சிவப்புக் கோடாகத் தெரிந்தன. திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்பது தொல்காப்பியர் விதி. முல்லையின் மான், பாலையின் பெயர் தாங்கிய மரம், நெய்தலின் கரை மூன்றையும் ஒரே பார்வையில் காட்டுகிற கோடியக்கரை அவ்விதியைப் படித்ததில்லை போலும்.

மாணவர்களிடம், தெரிந்த மரம் ஏதேனும் உண்டா என்று கேட்டோம். இருபது பேரும் ஒரே குரலில் சொன்ன பெயர் சீமைக் கருவேலம். அதுவும் அங்கே இருந்தது, பாலைக்கு இடையிடையே.

மாலையில் இராமர் பாதம் என்னும் மேட்டில் ஏறினோம். மேடு என்பதே மரியாதைக்குத்தான்; ஆனால் அந்தத் தட்டை நிலத்தில் அதுவே மலை. 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல் இங்கு எண்ணற்ற மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அந்த இடைவெளிகள் எப்படி நிரம்பும் என்று உடன் வந்த வனக் காவலரிடம் கேட்டோம்.

"பாலை நின்னு நிதானமா வரும் சார். கருவை மறு மழைக்கே வந்துடும். புடுங்கிக்கிட்டே இருக்கோம்" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, இருட்டுவதற்குள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று எங்களைக் கீழே இறக்கிவிட்டார்.