பூட்டிய அறைக்குள் தோமா



நா ஹோங்-ஜின் இயக்கி 2016ஆம் ஆண்டு வெளிவந்த 'தி வெய்லிங்' என்னும் கொரியத் திரைப்படத்தைப் பற்றி வாலிபர் கூடுகையில் சிலர் கேட்டீர்கள். குடும்பமாய் அமர்ந்து பார்க்கத்தக்க படமன்று, இரத்தம் மிகுதி. ஆயினும் அது லூக்கா 24ஆம் அதிகாரத்து வசனங்களோடு தொடங்குகிறது. உயிர்த்தெழுந்தவரை ஆவியென்று எண்ணிக் கலங்கிய சீஷருக்கு அவர் தம் கைகளையும் கால்களையும் காட்டிய பகுதி அது.

கோக்சொங் என்னும் ஊரில் விநோத நோயும் கொலைகளும் பரவுகின்றன. ஜப்பானிலிருந்து வந்து தனித்துத் தங்கியிருக்கும் ஒருவன்மேல் ஊராரின் சந்தேகம் விழுகிறது. காவலர் ஒருவருடைய சிறுமகளையும் நோய் பற்றுகிறது. அவர் மருத்துவரிடமும் மாந்திரீகனிடமும் ஓடுகிறார். கடைசி இரவில் ஒரு பெண், சேவல் மூன்றுமுறை கூவும்வரை வீட்டுக்குப் போகாதே என்கிறாள். அவளை நம்பாதே என்கிறான் மாந்திரீகன். அவர் போய்விடுகிறார். அதே இரவில் இளம் உதவிக்குரு ஒருவன் அந்த அந்நியனைக் குகையில் சந்திக்கிறான். அந்நியன் ஆண்டவரின் வார்த்தைகளையே பேசுகிறான். அவன் உள்ளங்கையில் ஆணித் தழும்பு தெரிகிறது. பேசுகிறவனோ பிசாசு.

தழும்பையும் போலியாகக் காட்டலாம் என்பதே அந்தக் காட்சியின் பயங்கரம். அந்த இளைஞன் கண்டது ஒரு கையை மட்டுமே. கைக்குரியவனை அவன் அறியான். தோமா அப்படியல்ல. தன்னோடு நடந்து, தன்னோடு உண்டவரின் தழும்பையே அவன் கேட்டான். அவனுக்கு எட்டு நாள் அவகாசமும் இருந்தது. மற்றச் சீஷர் சொல்லியும் நம்பாதவனை அவர்கள் வெளியே தள்ளவில்லை. அவனும் விலகிப் போகவில்லை. யோவான் 20ஐ மறுபடியும் வாசித்துப் பாருங்கள்: பூட்டிய அறைக்குள் அவன் அவர்களோடுதான் இருந்தான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொண்டது உண்மை. கையை நீட்டச் சொன்ன பிறகே கடிந்துகொண்டார்.

நம் திருவேற்காட்டுக்கு அருகே பூந்தமல்லியிலிருந்து செல்லும் மவுண்ட் சாலை, அவன் பெயர் தாங்கிய பரங்கிமலைக்கே போகிறது. கி.பி. 52இல் இந்தியாவுக்கு வந்து, 72இல் அங்கே இரத்தசாட்சியாய் மரித்தான் என்பது மரபு. சந்தேகப்பட்டவனின் மலையென்று அதை யாரும் அழைப்பதில்லை!

நம் தெருக்களிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால் செய்வினை என்கிறார் ஒருவர். எண்ணெய்ப் புட்டியை நீட்டுகிறார் இன்னொருவர். மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டு என்று சொல்பவர், வருத்தத்தோடு எழுதுகிறேன், நம் நடுவிலும் உண்டு. குணமாகாதபோது "உன் அவிசுவாசமே காரணம்" என்று தாயின்மேல் பாரத்தை ஏற்றுகிறோம். மருத்துவர் சொன்னதைக் கேட்பதும், ஜெபித்தபின் மறுபடியும் பரிசோதிப்பதும் பாவமென்று வேதத்தில் நான் எங்கும் வாசித்ததில்லை.

நம் சபையில் இரண்டு வீட்டார் இந்த வாரம் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களைச் சந்திக்கப் போகிறவர்கள் சாப்பாடு கொண்டுபோங்கள், சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். விசுவாசிக்கிறாயா என்று மாத்திரம் கேட்க வேண்டாம்.