சாகாமத்துச் சிறுபடை

சென்ற பெரும்போகத்து அறுவடைக்குச் சில நாள்கள் இருக்கையில் நமது தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "காக்கா, நீங்க ஒருக்கா சாகாமத்து வாடிக்குப் போய் உங்க மருமகனுக்குப் புத்தி சொல்லணும். புத்தகத்தைத் தொடுறானில்ல. சனி, ஞாயிறு வந்தாப் போதும், பிளாஸ்ரிக் பொம்மைக்குச் சாயம் பூசிட்டே இருக்கான்" என்று குறைப்பட்டாள்.

முப்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் பார்த்து ஓய்வுபெற்றவர் நாம். பிள்ளைகளை ஏசவேண்டுமாயின் நம்மை அழைப்பது குடும்பத்தில் நெடுநாள் வழக்கம். ஆயினும் இம்முறை மனம் தயங்கிற்று. சாகாமம் என்ற பெயரே அதற்குக் காரணம். 1990ஆம் ஆண்டில் அந்த வட்டைக்கு வயல் பார்க்கச் சென்ற நமது மூத்த சகோதரர் வீடு திரும்பவில்லை. 2009இல் போர் ஓய்ந்தது. மற்றையோர் மீண்டும் விதைக்கத் தொடங்கினர். நாமோ குத்தகை நெல்லை வீட்டில் இருந்தபடியே பெற்றுக்கொண்டோமேயன்றி, அந்த வரம்பில் மறுபடி கால் வைத்தோமில்லை. தங்கைக்கு இது தெரியாததன்று. அப்படியிருந்தும் அவள் கேட்கிறாளென்றால் அவளுடைய கவலை பெரிது என்று எண்ணி, அக்கரைப்பற்றிலிருந்து புறப்பட்டோம்.

அந்தப் பொம்மைகள் வந்த கதையையும் இங்குச் சொல்லிவிட வேண்டும். தங்கையின் கணவர் எட்டாண்டுகளாகக் கட்டாரில் தொழில் செய்கிறார். இரண்டாண்டுக்கு ஒருமுறை சிறு விடுமுறையில் வருவார். வளர்ந்துவிட்ட மகனுக்கு என்ன பிடிக்கும் என்று அறியாத அந்தத் தகப்பன், தோஹாவில் ஒரு கடையிற் கண்ட பெட்டியொன்றைச் சென்றமுறை வாங்கிவந்தார். உள்ளே வாளேந்திய வீரரும், குள்ளரும், கோரைப்பல் பூதங்களும் துண்டு துண்டாக இருந்தன. பையனை அது பிடித்துக்கொண்டது. தொழுகை நடக்கும் வீட்டுக்குள் உருவப் பொம்மைகளை அடுக்கிவைப்பதில் தங்கைக்கு உடன்பாடில்லை. ஆகவே பெட்டி வயல்வாடிக்குக் குடிபெயர்ந்தது. அதன்பின்னே பையனும் யானைக் காவலைச் சாட்டாக வைத்துக் குடிபெயர்ந்தான்!

நாம் போய்ச் சேர்ந்தபோது மருமகன் ஒரு பலகையின்முன் குனிந்திருந்தான். பலகைமேல் இரு வரிசையாகப் படைகள் நின்றன. ஒவ்வொரு வீரனும் நமது பெருவிரல் உயரம்கூட இல்லை. அடுக்கிவைத்திருந்த சொற்களெல்லாம் நமக்கு மறந்துபோயின. "போர் என்றால் உனக்கு விளையாட்டா? இந்த வட்டையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா?" என்று உரத்துக் கேட்டுவிட்டோம்.

பையன் எழுந்து நின்றான். "தெரியும் மாமா. உம்மா சொல்லியிருக்காங்க" என்றான். அதற்குமேல் அவனும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. காவற்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அந்த மௌனம் தாங்காமல், "இதை எப்படித்தான் செய்கிறாய்?" என்று நாமே கேட்கவேண்டியதாயிற்று.

அவன் சொன்னவற்றை ஒரு மாணவனைப்போலக் கேட்டோம். உருகிய பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்ரிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி உறுப்புகளை வார்க்கிறார்கள். கையும் காலும் தலையும் ஒரு சட்டத்தில், கொடியிற் காய்கள்போல, ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை வெட்டி எடுத்து, அச்சின் இரு பாதிகள் பொருந்திய கோட்டைக் கத்திமுனையாற் சுரண்ட வேண்டும். இல்லையேல் சாயம் பூசியபின் அக்கோடு வீரனின் முகத்தில் வடுப்போலத் தெரியும். ஒட்டுவதற்குப் பயன்படும் திரவம் வெறும் பசையன்று. அது பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பையே சிறிது கரைத்து, இரு துண்டுகளையும் ஒரே துண்டாக்கிவிடுகிறது. அதற்குமேல் அடிப்பூச்சு, பிறகு நீர் கலந்த அக்ரிலிக் சாயம். தடிப்பாக ஒருமுறை பூசினால் செதுக்கிய நுட்பமெல்லாம் மூடுண்டுபோம். ஆகையால் மெல்லிதாக இருமுறை பூசுகிறான். அதன்மேல் நீர்த்த கருஞ்சாயத்தை ஓடவிட்டால் அது பள்ளங்களிற் படிந்து நிழலாகின்றது. கடைசியாக, சாயம் பெரும்பாலும் துடைக்கப்பட்ட தூரிகையால் மேடுகளை மட்டும் தடவினால் வெளிச்சம் பட்டதுபோல் ஆகின்றது.

நமது மண்ணின் காலநிலைக்கும் அவன் வழி கண்டிருந்தான். மாரியின் ஈரக்காற்றில் விசிறும் அடிப்பூச்சு வெளிறிச் சொரசொரத்துப் போவதால், அக்காலத்தில் தூரிகையாலேயே பூசுகிறான். கச்சான் வீசும் காலத்திலோ சாயம் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும். அதற்காக ஈரப் பஞ்சின்மேல் எண்ணெய்த்தாள் விரித்து, அதன்மேற் சாயத்தைக் குழைக்கிறான். வீரர்களின் காலடி நிலத்துக்குக் குளக்கரை மணலும், புல்லுக்குத் தேங்காய்த் தும்பும். பெட்டியின் படத்தில் இருந்தது ஏதோ பனிநாடு. பையனின் படை நின்றதோ சாகாமத்து மண்ணில்.

வெயில் தாழும் வேளையில் மிதிவண்டி மணி கேட்டது. திருக்கோவிலிலிருந்து வந்த தமிழ்ப் பையன் ஒருவன், கையில் ஒரு சப்பாத்துப் பெட்டியுடன் இறங்கினான். அதற்குள் எதிர்ப்படை. நம்மைக் கண்டதும், "சேர், நீங்க எங்கட அப்பாவுக்குப் படிப்பிச்சிருக்கீங்களாம்" என்றான். பெயரைச் சொன்னான். நினைவு வந்தது, 1980களின் கடைசியில், முன்வாங்கில் இருந்து கணக்குச் செய்த பையன். அதன்பின் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஒருநாளாவது விசாரித்தோமா? இல்லை. அவரும் நம்மைப்பற்றி அப்படியே எண்ணியிருக்கக்கூடும்.

ஆட்டம் தொடங்கிற்று. அளவுநாடாவால் அங்குலம் அங்குலமாக அளந்தே படை நகரவேண்டும். மோதலின் முடிவைத் தாயக்கட்டை சொல்லும். விழுந்த வீரனை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைப்பார்கள். விதியைப்பற்றி ஒருமுறை கடும் வாக்குவாதம் எழுந்தது. இருவரும் விதிநூலின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தனர். தவறு நமது மருமகனுடையது. அவன் தன் வீரனைத் தானே எடுத்து ஓரத்தில் வைத்தான்.

இருட்டுமுன் ஆட்டம் முடிந்தது. வந்தவன் வென்றான். காவற்காரர் சமைத்த சோற்றையும் குளத்து மீனையும் மூவரும் சேர்ந்து உண்டோம். அவன் புறப்பட்டுச் சென்றபின் மருமகன் ஓரத்தில் கிடந்தவர்களை ஒவ்வொருவராகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். நம்மைப் பாராமலே, "மாமா, இதிலே செத்தவங்க எல்லாரும் அடுத்த கிழமை எழும்பி வருவாங்க. அதாலதான் இது விளையாட்டு" என்றான். பகலில் நாம் உரத்துக் கேட்ட கேள்விக்கு அவன் அப்போதுதான் விடை சொன்னான் என்பது நமக்குப் பிறகே விளங்கிற்று.

அன்றிரவு வாடியிலேயே தங்கினோம். விளக்கடியில் ஒரு வீரனை நம்மிடம் நீட்டி, "கண்ணை நீங்க வைங்க மாமா" என்றான். நமது கை நடுங்குவதைக் காட்டினோம். "ரெண்டு மணிக்கட்டையும் ஒண்டோட ஒண்டு சேர்த்து, முழங்கையை மேசையில ஊண்டுங்க. மூச்சை விட்டுட்டுத் தொடுங்க" என்று நமக்குப் படிப்பித்தான். முதலில் வெண்மை, பின் அதன் நடுவே ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளியை வைக்கும் வரையில் நமக்கு வேறு நினைவே இல்லை. 1990ஆம் ஆண்டுக்குப்பின், அந்த வட்டையின் இருளில், அண்ணனை நினையாமல் கழிந்த சில நிமிடங்கள் அவை. பிறகு நினைவு வந்தது. ஆனால் அச்சம் கூட வரவில்லை. தொலைவில் யானைவெடிச் சத்தம் கேட்டு அடங்கிற்று.

வீடு திரும்பியபின் இவ்விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகைமேல் நிறுத்திய சதுரங்கம் நமது துணைக்கண்டத்தில் தோன்றியது. ஐரோப்பாவில், பிரஷ்ய நாட்டின் ரைஸ்விட்ஸ் குடும்பத்தார், தந்தையும் மகனுமாக, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போரை மேசைமேல் ஆடிப் பயிலும் முறையை வகுத்தனர். மகன் அதன் விதிகளை 1824இல் நூலாக்கினார். அது படையதிகாரிகளின் பயிற்சிக்கு உரியது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அதனை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தார். 'சிறு போர்கள்' என்று பொருள்படும் அவரது நூல் 1913இல் வெளியாயிற்று. பொம்மைப் போரை ஆடிப் பார்த்தவன் உண்மைப் போர் எத்துணைப் பேதைமை என்று உணர்வான் என்பது அந்நூலின் முடிபு. மறு ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது! 1975இல் இலண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கிய கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம், 1983இல் 'வோர்ஹாமர்' என்னும் மாயப்போர் ஆட்டத்தை வெளியிட்டது. அன்று பெரும்பாலும் உலோகத்தில் வார்த்த வீரர்கள் இன்று பிளாஸ்ரிக்கில் வருகின்றனர். அவ்வழியே அவர்கள் தோஹாவையும் தாண்டிச் சாகாமம் வரை வந்துவிட்டனர்.

வெல்ஸின் முடிபு உலகைத் திருத்தவில்லை என்பது உண்மையே. பொம்மைகள் போரை நிறுத்தும் என்று நாமும் சொல்ல வரவில்லை. விதிநூலைப் பார்த்துத் தன் தவறை ஒப்புக்கொண்டு தன் வீரனைத் தானே எடுத்துவைத்த ஒரு பிள்ளையைக் கண்டோம் என்பதை மட்டும் பெற்றோருக்குச் சொல்ல விரும்புகின்றோம். அதை முப்பதாண்டுகள் வகுப்பறையில் படிப்பிக்க முயன்றவர் நாம்.

தங்கை வாசலிலேயே காத்திருந்தாள். "சொன்னீங்களா காக்கா?" என்றாள். சொன்னோம், சொல்லாமலில்லை. பிற்பகல் நான்கு மணிவரை கணிதமும் விஞ்ஞானமும், அதற்குப் பின்பே பொம்மை என்பது உடன்படிக்கை. மருமகன் ஒப்புக்கொண்டான். நாம் கண் வைத்த வீரனின் படத்தை அவன் அன்றிரவே கட்டாருக்கு அனுப்பியிருந்தான். வழக்கமாக, "படிக்கிறியா? சாப்பிட்டியா?" என்னும் இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடும் தகப்பனின் அழைப்பு, அன்று கேடயத்துக்கு எந்த நிறம் பொருந்தும் என்பதைப்பற்றி ஒரு மணி நேரம் நீண்டதாம்.

அந்த வீரன் இப்போது நமது எழுதுமேசைமேல் நிற்கின்றான். இடக்கண் சற்றுச் சாய்ந்திருக்கிறது. அதைத் திருத்தித் தருவதாக மருமகன் சொன்னான்; நாம் வேண்டாமென்று விட்டோம். அடுத்த சனிக்கிழமை, எவரும் அழையாமலே, சாகாமத்துக்குப் போனோம்.