மாமாவின் 100 வாட்

ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஓர் இன்சுலேஷன் டேப், ரிடையரான ஒரு மாமனார். இந்த மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டால் கரண்ட் பில்லை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் இருட்டில்தான் உட்கார வேண்டும்.

சுயமாக ரிப்பேர் செய்பவர்களில் இரண்டு ரகம். கழற்றத் தெரிந்து மாட்டத் தெரியாதவர்கள் முதல் ரகம். இவர்களால் பெரிய ஆபத்து கிடையாது, மறுநாள் காலை மெக்கானிக் வந்துவிடுவார். இரண்டாவது ரகம் மாட்டவும் தெரிந்தவர்கள். ஸ்விட்சைப் போட்டு ஏதோ ஒன்று எரிந்துவிட்டால், "முடிஞ்சுது வேலை" என்று கை கழுவி காபி கேட்பார்கள். என் மாமனார் இரண்டாவது ரகத்தின் ஆயுள் சந்தாதாரர்.

அவரிடம் ஓர் அம்பாசிடர் இருக்கிறது. 2014-ல் உத்தர்பாராவில் அந்தக் காரின் தயாரிப்பே நின்றுபோய்விட்டது. திண்டிவனத்தில் மாமா மட்டும் நிறுத்தவில்லை. வருடத்துக்கு இரண்டு பாகமாவது புதிதாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். போன முறை முறை வந்தது ஹெட்லைட்டுக்கு. பழைய 45/40 வாட் விளக்குகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஹாலோஜன் பல்பு போடுகிற புது வட்ட விளக்குகளை வாங்கிவந்தார். அதில் போட வேண்டியது 60/55 வாட். மாமா போட்டது 100/90. "காசு கொடுக்கறோம், கூடவே வாங்கிப்போமே" என்பது அவர் கட்சி. விளக்கு உட்காரும் கிண்ணம் துருப்பிடித்திருந்ததால் அதற்கும் பளபளவென்று கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை பௌர்ணமி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போய் கிரிவலம் சுற்றுவதாக ஏற்பாடு. மாமா ஓட்டுகிறார். அத்தை, நான், என் மனைவி, எங்கள் ஏழு வயதுப் பெண் பயணிகள். கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். சிவப்பு விளக்கோ ரிஃப்ளெக்டரோ இல்லாமல் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் முன்னால் போகிற ரோடு. இந்த ரோட்டில் ஹெட்லைட் என்பது அலங்காரப் பொருள் அல்ல.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மாமா ரகசியக் குரலில், "மாப்பிள்ளே, லைட்டுல சின்னதா ஒரு கோளாறு. சும்மா ஒரு பார்வை பாருங்க" என்றார்.

பார்த்தேன். டிம் போட்டால் வலது விளக்கு நன்றாக எரிந்தது. இடது விளக்கு அணையப்போகிற கரி அடுப்பு மாதிரி சிவந்து கிடந்தது. பிரைட் போட்டாலும் அதே கதி. வேடிக்கை என்னவென்றால், டிம் போட்டிருக்கும்போதே டாஷ்போர்டில் பிரைட்டுக்கான நீலப் பொட்டு விளக்கு லேசாகக் கண் சிமிட்டியது.

"பல்பு டூப்ளிகேட். ஏமாத்திட்டான்" என்றார் மாமா.

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கடைக்கு ஓடி இன்னொரு பல்பு வாங்குகிறார்கள். காசு செலவழிக்காமல் ஒரு சோதனை இருக்கிறது. இடது பல்பை வலதிலும் வலது பல்பை இடதிலும் மாற்றிப் போட வேண்டும். (ஹாலோஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டி, அந்த இடம் சூடேறி, பல்பு சீக்கிரம் உயிரை விடும். சுத்தமான துணியால் பிடியுங்கள்.) மாற்றிப் போட்டோம். இரண்டு பல்புமே வலது பக்கம் போனால் பளிச், இடது பக்கம் வந்தால் சோகம். ஆக, பல்பு நிரபராதி.

மாமா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பி.காம். எங்கள் இருவருக்கும் எலெக்ட்ரிகல் டிப்ளமா கிடையாது. ஆனால் டெபிட், கிரெடிட் தெரியும். கார் வயரிங்குக்கு அது போதும். பேட்டரியிலிருந்து வெளியே போன கரண்ட் முழுவதும் பேட்டரிக்கே திரும்பி வந்தாக வேண்டும். போகிற வழி வயர். திரும்பி வருகிற வழி காரின் உடம்பு, அதாவது எர்த். வீட்டில் ரிப்பேர் செய்பவர்கள் போகிற வழியைத்தான் பத்து தடவை பார்ப்பார்கள். திரும்பி வருகிற வழியை ஒருவரும் கேட்பதில்லை.

டிம் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவிலும் மறு முனையை இடது பல்பின் எர்த் பின்னிலும் வைத்தேன். அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். எட்டு வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியது.

"எர்த்துல எப்படி எட்டு வோல்ட்?" மாமாவுக்குத் திகைப்பு.

"வரவேண்டிய பணம் வரலே மாமா. வழி அடைச்சிருக்கு."

எர்த் வயரின் திருகை மாமா முடுக்கியிருந்தது அவரே அடித்த புது பெயின்ட்டின் மேல். பெயின்ட் கரண்டைக் கடத்தாது. நேர்வழி அடைபட்டதும் கரண்ட் குறுக்குவழி தேடியிருக்கிறது. இடது பல்பின் டிம் இழை வழியாக உள்ளே வந்து, அதே பல்பின் பிரைட் இழை வழியாகப் பின்பக்கமாக வெளியேறி, பிரைட் வயரைப் பிடித்து வலது விளக்குக்குப் போய், அங்கே இருக்கிற பிரைட் இழையையும் தாண்டி, வலது பக்கத்து எர்த்தில் இறங்கியிருக்கிறது. மூன்று இழைகளும் பன்னிரண்டு வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொண்டதால் ஆளுக்கு நாலு. அந்த பிரைட் வயரிலேயே நீலப் பொட்டு விளக்கும் தொங்குவதால் அதற்கும் கொஞ்சம் பிரசாதம். இரண்டு விளக்கில் ஒன்று மங்கி, கூடவே நீல விளக்கும் லேசாக எரிந்தால் மறுபேச்சில்லாமல் மங்கிய பக்கத்து எர்த்தைப் பாருங்கள்.

உப்புத்தாளை வைத்து பெயின்ட்டைத் தேய்த்து, தகடு வெள்ளையாகத் தெரிந்ததும் திருகை முடுக்கினோம். எட்டு வோல்ட் 0.1 ஆனது. இடது விளக்கு எழுந்து உட்கார்ந்தது. மாமா காபி கேட்டார்.

"இருங்க மாமா" என்றேன். விளக்கு எரியும்போதே பல்புக்குப் போய்ச் சேருகிற வோல்ட்டை அளந்து பார்த்தேன். பேட்டரியில் 12.4, பல்பில் 10.8. வழியில் 1.6 வோல்ட் காணாமல் போயிருந்தது. அந்தக் காலத்து வயர், அந்தக் காலத்து ஸ்விட்ச், மாமா கையால் முறுக்கி டேப் சுற்றிய நாலு ஜாயின்ட், எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இது சாதாரண நஷ்டம் இல்லை. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். பழைய விளக்குகள் இரண்டுமாக டிம்மில் ஏழு ஆம்பியருக்கும் குறைவாகவே கேட்கும். மாமாவின் பல்புகள் கேட்பது பதினைந்து. பல்பு பெரிதாகப் பெரிதாக வழியில் நடக்கிற திருட்டும் பெரிதாகும். திருடு போனது அத்தனையும் சூடாக மாறும். பல்பு ஹோல்டர் ஒரே வாரத்தில் பழுப்பேறியிருந்தது. ஸ்விட்சைத் தொட்டால் சுட்டது. செஞ்சி தாண்டி எங்கேயாவது ஸ்விட்ச் உருகி இரண்டு விளக்கும் சேர்ந்து அணைந்திருக்கலாம். பின் சீட்டில் என் பெண்.

மாமாவின் மனம் நோகாமல் 100/90-ஐ 60/55 ஆக்குவது எப்படி? "இதை எடுத்து வெச்சுப்போம் மாமா, ஸ்பேராவாவது இருக்கட்டும்" என்றேன். கடைக்குப் போய் பல்பு, ரிலே, ஃப்யூஸ், கொஞ்சம் தடித்த வயர் வாங்கி வந்தோம். ரிலே என்பது ஆபீசர் மாதிரி. ஸ்விட்ச் லேசாகத் தலையசைத்தால் போதும், பேட்டரியிலிருந்து நேராகக் கரண்டை விளக்குக்கு அனுப்பிவிடும். முறுக்கிய ஜாயின்ட்டுகளை வெட்டி எறிந்துவிட்டு லக் வைத்து அழுத்தினோம். மறுபடி அளந்தால் பல்பில் 12.1.

"குறைஞ்ச வாட்டுல ஜாஸ்தி வெளிச்சமா?" என்று மாமா சந்தேகமாகப் பார்த்தார். ஆடிட்டரைக் கணக்கர் பார்க்கிற பார்வை.

இருட்டியதும் எதிரே இருந்த கல்யாண மண்டபத்துச் சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளி காரை நிறுத்தி, வெளிச்சம் விழுகிற உயரத்தைப் பார்த்தோம். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டராவது தாழ்வாக இருக்க வேண்டும். மாமா வைத்திருந்த கோணத்தில் அது மாடி ஜன்னலில் விழுந்தது. எட்டு மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்று 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி சொல்கிறது. எதிரே வருகிற ஸ்கூட்டர்காரனின் கண்ணைத்தான் அது மனதில் வைத்திருக்கிறது. திருகைத் திருப்பி இரண்டையும் இறக்கினேன். சுவரில் வெளிச்சம் கோடு கிழித்த மாதிரி சுத்தமாக நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

மாமா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னும் மங்கலாத்தானே இருக்கு, மாப்பிள்ளே?"

நான் பக்கத்துச் சீட்டில் ஏறிப் பார்த்தேன். சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பேரன் பேத்திகள் பெயர் வரை படிக்க முடிந்தது.

"அந்த போஸ்டர்ல என்ன போட்டிருக்கு மாமா?"

"போட்டோ தெரியுது. எழுத்து கலைஞ்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "தெரு லைட்டைச் சுத்திப் பூ மாதிரி வட்டம் வருது பாருங்க. உங்களுக்கு வரலையா?" என்றார்.

எனக்கு வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது, இரண்டு மணி நேரமாக நாங்கள் தேடிய 1.6 வோல்ட் நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறோர் இடத்தில் இருக்கிறது என்று. கண்ணில் இருக்கிற லென்ஸ் வயதாக ஆக வெளுத்துப் புகை படிந்த மாதிரி ஆகும். வெளிச்சம் நேராக உள்ளே போகாமல் சிதறும். எதிர் வண்டியின் விளக்கு பொறுக்க முடியாமல் கூசும், நம் விளக்கு போதவே போதாது. கண்மணியும் இளமையில் விரிந்த அளவு இருட்டில் விரியாது. பகலில் பேப்பர் படிக்கிறோமே என்று ஆள் தெம்பாக இருப்பார். ராத்திரி ரோடுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதற்கு மருந்தாகத்தான் மாமா 100 வாட் வாங்கியிருக்கிறார். விளக்கை மாடி ஜன்னலுக்குத் தூக்கி வைத்ததும் அதற்குத்தான்.

பல்பைக் குறை சொல்லலாம், வயரைக் குறை சொல்லலாம். மாமனாரின் கண்ணைக் குறை சொல்வது எப்படி? நான் மென்று விழுங்கிக்கொண்டிருக்கும்போது வாசலிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "தை மாசத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கேன், கண்ணைக் காட்டுங்க கண்ணைக் காட்டுங்கன்னு. இவரு காருக்கு வைத்தியம் பண்ணிட்டிருக்காரு."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்தார். இருட்டில் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு, "தெரியும் மாப்பிள்ளே" என்றார் மெதுவாக. "டாக்டர்கிட்ட போனா ஓட்டக் கூடாதும்பாரு. முப்பது வருஷமா வேற யாரும் தொட்டதில்லே இந்த வண்டியை."

அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவி வந்து கதவைத் திறந்து, "நகருங்கப்பா, நான் ஓட்டறேன்" என்று கையை நீட்டினாள். அவள் வண்டி ஓட்டக் கற்றதே அவரிடம்தான். சாவி கைமாற ஒரு நிமிஷம் ஆனது. கிரிவலத்துக்கு அவள்தான் ஓட்டினாள். இடது சீட்டிலிருந்து மாமா திருவண்ணாமலை வரைக்கும் "டிம் பண்ணும்மா... லாரி... டிம் பண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழியில் பின்விளக்கு இல்லாத இரண்டு டிராக்டர்கள். இரண்டையும் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். மாமா பார்த்தது பக்கத்தில் போன பிறகுதான். அதற்கப்புறம் டிம் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வாரம் கண் டாக்டரிடம் நான்தான் கூடப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்து உள்ளேயே புது லென்ஸ் வைத்துவிடலாம், முதலில் இடது கண், சில வாரம் கழித்து வலது என்றார் டாக்டர். கண்ணின் அளவை எடுத்து, என்ன பவர் லென்ஸ் என்று சீட்டில் குறித்தார்.

"எவ்வளவு டாக்டர் பவர்?" என்று கேட்டார் மாமா.

"இருபத்தொண்ணு."

மாமா என் பக்கம் சாய்ந்து, டாக்டருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"கூடவே கேட்டுப் பாருங்க மாப்பிள்ளே. காசு கொடுக்கறோமில்லே."